தாத்தாவின் கைக்கடிகாரம்: டயலில் உள்ள பெயர் வயதைச் சொல்லாது

கேள்வி: கும்பகோணத்தில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கைக்கடிகாரம் கிடைத்தது. வெள்ளைப் பீங்கான் டயல், 12 மட்டும் சிவப்பு. ‘வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி’ என்று எழுதியிருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தது என்கிறார் மாமா. புது டயல் போட்டு, மெருகேற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். டயலை மாற்றினால் அந்த வாட்ச்சின் முகமும் போய்விடும், சேகரிப்பாளர்களிடம் உள்ள மதிப்பும் போய்விடும்.

மாமா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பெயரை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. வெஸ்ட் எண்ட், சுவிஸ் கடிகாரங்களை பம்பாய், கல்கத்தா வழியாகப் பல பத்தாண்டுகள் விற்ற நிறுவனம். வயதைக் கட்டமைப்பில்தான் தேட வேண்டும்.

முதலில் பட்டை கோக்கும் இடத்தைப் பாருங்கள். வளைந்த கம்பியை உடலோடு பற்றவைத்திருந்தால் அது பழைய முறை. கழற்றி மாட்டும் ஸ்பிரிங் கம்பி பின்னால்தான் பரவலானது. அடுத்து, சாவிக் குமிழும் சின்ன வினாடி முள்ளும். குமிழ் 3-க்கு அருகிலும் வினாடி வட்டம் 6-க்கு மேலும் இருந்தால், மணிக்கட்டுக்கென்றே அமைத்த வாட்ச் என்று நம்பலாம். குமிழ் 12-க்கு மேலே இருந்தால், சட்டைப்பைக் கடிகாரத்துக்கு யாரோ கம்பி பற்றவைத்துக் கைக்கு மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதைப் போலி என்று ஒதுக்க மாட்டேன். அந்தக் காலத்தில் சகஜமாக நடந்ததுதான்.

டயலை விளக்கொளியில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். பீங்கான் என்று நீங்கள் சொல்வது, செம்புத் தகட்டில் கண்ணாடித் தூளை உருக்கிப் படியவைத்த எனாமலாக இருக்கும்; அது நூறு வருடமானாலும் மஞ்சளாகாது. மயிரிழை விரிசலும் ஓரத்தில் சிறு சில்லும் இருக்கும். அவை இருப்பதே நல்ல அறிகுறி. தகட்டின் மேல் புதிதாகப் பெயின்ட் அடித்து எழுத்து அச்சிட்டவை வேறு ரகம்: எழுத்து இடைவெளி ஒழுங்காக இருக்காது, நிறம் பளீரென்று அடிக்கும். இப்படி ‘புதுப்பித்த’ வாட்ச்சுகள் இணையச் சந்தையில் ஏராளம்.

பின்மூடியைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து உட்புறத்தைப் பாருங்கள். மூன்று கரடிகளும் 0.935 (ஆயிரத்தில் 935 பங்கு வெள்ளி) என்ற எண்ணும் இருந்தால் சுவிஸ் வெள்ளி முத்திரை. ஒற்றைக் கரடி என்றால் 0.875, காட்டுக்கோழி என்றால் 0.800. உள்ளே ‘இன்காப்ளாக்’ என்ற அதிர்ச்சித் தாங்கி தெரிந்தால் முதல் உலகப் போர்க் கதையை மாமா விட்டுவிட வேண்டியதுதான். அது 1930-களில் வந்தது.

ஒரு எச்சரிக்கை. எண்களிலோ முட்களிலோ பழுப்பேறிய தடித்த பூச்சு இருந்தால், இருட்டில் ஒளிர அந்தக் காலத்தில் பூசிய ரேடியமாக இருக்கலாம்; அது கதிரியக்கப் பொருள். இருட்டில் ஒளிராததால் ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். தேய்ந்துபோனது ஒளிர்வைத் தரும் துத்தநாக சல்பைடு மட்டுமே. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1,600 ஆண்டுகள். சுரண்டக் கூடாது, வீட்டில் திறந்து தூசியை ஊதக் கூடாது. ரிப்பேர்க்காரரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, ஆசைக்குக்கூடச் சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். எண்ணெய் உறைந்திருக்கும், எஃகு அச்சுகள் தேயும். ஐப்பசி அடைமழையில் டெல்டா வீடுகளில் இருக்கும் ஈரத்துக்குத் துருவும் பிடித்திருக்கலாம். சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: மிஷினை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடவும், மாற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தரவும், உடலை பஃப் மெஷினில் கொடுக்க வேண்டாம். மெருகு ஏற ஏற உடலின் விளிம்புகள் மழுங்கிவிடும். கம்பி உடலோடு பற்றவைத்தது என்றால் ஆயத்தப் பட்டை பொருந்தாது. கம்பிக்கு அடியில் நுழைத்துக் கட்டும் ஒற்றைத் தோல் பட்டையைத் தைத்து வாங்குங்கள்.