தக்ளி, தோட்டம், குருவிக்கூடு: வசந்தக் கேள்விகள்

ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பதும் விதை போடுவதும் பறவை கூடு கட்டுவதும் ஒரே சமயத்தில் வந்துவிடுகின்றன. கடிதங்களும் அப்படித்தான். கைக்கு வந்த வரிசையில் பதில்.

கத்தரித்த ரோமத்தைத் துவைத்தேன், பாய் மாதிரி கெட்டியாகிவிட்டது. ஏன்?
கசக்கியிருப்பீர்கள். கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் ரோமம் சொல்கிறது. சுமார் 60 டிகிரி வெந்நீரில் சோப்பைக் கரைத்து, ரோமத்தை மேலே வைத்தால் தானே அமிழும். கால் மணி நேரம் தொடாதீர்கள். அலசுகிற தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். ஆறவிட்டால் லனோலின், அதாவது ரோமத்தின் மெழுகு, திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

2 கிலோ வாங்கினேன், துவைத்த பிறகு ஒன்றே கால்தான் தேறியது. ஏமாற்றிவிட்டார்களா?
இல்லை. மெழுகும் வியர்வையும் மண்ணும் போனால் பாதிகூடக் குறையும்.

தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் கதிர்) நூல் அறுந்துகொண்டே இருக்கிறது.
தக்ளி எத்தனை கிராம், என்ன ரோமம், ஒன்றும் எழுதவில்லை. சரி, அறுந்த முனையைப் பாருங்கள். இழைகள் தாடி மாதிரி நீண்டு உருவியிருந்தால் முறுக்கு போதவில்லை.

மிச்ச நூலைக் குருவிகள் கூடு கட்ட மரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். படம் இணைத்துள்ளேன்.
படத்தைப் பார்த்தேன். இப்போதே எழுந்து போய் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் கலர் கலராகப் படம் வருகிறது. முறுக்கேறிய நூல் லேசில் அறாது. குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால், கால் பருக்கப் பருக்க இறுகும். ரத்த ஓட்டம் நின்று கால் போய்விடும், அல்லது மற்றவை பறந்த பிறகும் அது மட்டும் கூட்டிலேயே கட்டுண்டு கிடந்து சாகும். ஒருமுறை காலியான கூடு ஒன்றைப் பிரித்தபோது நான் நூற்ற நீல நூலே கிடந்தது. மூன்று சுற்று, நடுவில் தீக்குச்சியைவிட மெல்லிய கால். அன்றோடு விட்டேன்.

ரோமமாகக் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். உண்ணி மருந்து படாததாக, நூற்காததாக, சிறு பிசிறாக இருந்தால் சரி. நாய் முடி வேண்டாம், அதிலும் மருந்து இருக்கும். பறவைக்குப் பாசியும் காய்ந்த புல்லும் சிலந்தி வலையும் போதும். உதவி செய்தே தீருவேன் என்றால், குஞ்சுகள் பறக்கும்வரை வேலிச்செடியைக் கத்தரிக்காதீர்கள்.

கழிவு ரோமத்தைச் செடிக்குப் போடலாமா?
தாராளமாக. தழைச்சத்து உண்டு, ஈரத்தையும் பிடித்து வைக்கும். மக்க மாதக்கணக்கில் ஆகும். மேலே மண் போட்டு மூடுங்கள். நூல் துண்டு கலக்கக் கூடாது, காரணம் மேலே இருக்கிறது.

தரையில் ஒரு குஞ்சு கிடக்கிறது, எடுத்து வளர்க்கட்டுமா?
இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடந்தால் அது பறக்கப் பழகுகிறது. விட்டுவிட்டு நகருங்கள், நீங்கள் போனால்தான் தாய் வரும். பூனையை மட்டும் உள்ளே பூட்டுங்கள்.

வெங்காயச் சருகுச் சாயத்துக்குப் படிகாரம் எவ்வளவு?
ரோமத்தின் எடையில் 10 முதல் 15 சதவீதம். உலர்ந்த எடை. போன மாதம் ஒருவர் ஈர ரோமத்தை நிறுத்துப் போட்டுவிட்டு என்னைத் திட்டி எழுதியிருந்தார். மெதுவாகச் சூடேற்றுங்கள். அப்புறம், கசக்காதீர்கள்.