காமாக் கதிர் வெடிப்புகளும் பொய் எச்சரிக்கைகளும்: கேள்வி பதில்

கேள்வி: விண்வெளித் தொலைநோக்கி எதனால் ஏமாறுகிறது?

பதில்: நாசாவின் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியில், தொலைதூர விண்வெளியிலிருந்து திடீரெனப் பாயும் காமாக் கதிர்களைத் தேடும் வெடிப்புக் கண்காணிப்புக் கருவி வானத்தைப் படம் எடுப்பதில்லை, எண்ணுகிறது. வெவ்வேறு திசைகளை நோக்கிய 12 சோடியம் அயோடைடு உணரிகளில் குறைந்தது இரண்டில் எண்ணிக்கை பின்னணியை விட்டுப் போதிய அளவு உயர்ந்தால் எச்சரிக்கை பிறக்கும். அந்த உயர்வைச் சூரியப் பிழம்போ, இடிமேகங்களிலிருந்து கிளம்பும் காமாத் துடிப்போ, மேக்னட்டாரின் (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) சீற்றமோ, பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்களோ தரலாம். எச்சரிக்கை வேறு, கண்டுபிடிப்பு வேறு.

கேள்வி: தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதியில்தான் பொய் எச்சரிக்கைகள் மிகுதியா?

பதில்: பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் அடர்ந்த அந்தப் பகுதியின் உள்ளே உணரிகள் அணைக்கப்பட்டிருக்கும். நுழையும்போதும் வெளியேறும்போதும்தான் தொல்லை.

கேள்வி: மனிதர் ஏவிய பொருள்கள் குழப்பியதுண்டா?

பதில்: உண்டு, அதுவும் சுவையான முறையில். 1980-களில் அணு உலை சுமந்த சோவியத் செயற்கைக்கோள்களிலிருந்து வெளியேறிய பாசிட்ரான்கள் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்கள்), காந்தப்புலக் கோடுகளைப் பற்றிச் சென்று, சூரியனை ஆய்ந்த சோலார் மேக்சிமம் மிஷன் கலத்தின் உடலில் மோதி அழிந்து, 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிர்களை உண்டாக்கின. இது 1989-இல்தான் ஆய்விதழில் வெளிவந்தது.

கேள்வி: 2014 மே மாதம் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில் வெடிப்பு என்றார்களே?

பதில்: ஏற்கெனவே அறிந்த, எக்ஸ் கதிர் உமிழும் பொருள் ஒன்றின் ஒளிர்வை, வெடிப்புகளைத் தேடும் ஸ்விஃப்ட் விண்கலத்தின் தானியங்கிக் கணிப்பு மிகைப்படுத்தியது.

கேள்வி: எச்சரிக்கை வந்தாலே வெடிப்பு உறுதிதானே?

பதில்: முதல் பதிலின் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள்.

கேள்வி: 2015-இல் முதல் ஈர்ப்பலையோடு ஃபெர்மி கண்ட காமாத் துடிப்பும் பொய்யா?

பதில்: செப்டம்பர் 14 அன்று, இரு கருந்துளைகள் இணைந்ததால் கிளம்பிய ஈர்ப்பலைக்கு (கால-வெளியின் அதிர்வுக்கு) 0.4 விநாடி பின்னர், சுமார் 1 விநாடி நீடித்த மங்கலான ஏற்றம் பதிவானது. அதே நேரத்தில் ஐரோப்பாவின் காமாக் கதிர் விண்கலமான இன்டெக்ரல் எதையும் காணவில்லை. நான் அதை நம்பவில்லை.

கேள்வி: தற்செயலுக்கான வாய்ப்பு 0.0022 என்று ஃபெர்மி குழுவே கணித்ததே! அது போதாதா?

பதில்: போதாது. பின்னணியை வேறு முறையில் மதிப்பிட்ட ஆய்வாளர்கள், அந்த ஏற்றம் பின்னணியின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகிறது என்றே கண்டனர். 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வோடு ஒப்பிடுங்கள்: நியூட்ரான் விண்மீன்கள் இணைந்து 1.7 விநாடியில் வந்த துடிப்பை ஃபெர்மி தானாகவே பிடித்தது, இன்டெக்ரலும் பதிந்தது.

கேள்வி: ஆக, கருந்துளைகள் இணைந்தால் காமாக் கதிர் வராது என்கிறீர்கள்.

பதில்: அப்படிச் சொல்லவில்லை. சுற்றிலும் போதிய வாயு இருந்தால் வரலாம். அதற்கு இந்தத் தரவைச் சான்றாக நிறுத்த இயலாது என்கிறேன்.