கை கால் எப்போதும் சில்லிடுவதற்குக் கொரிய மருத்துவம் சொல்லும் காரணம் என்ன?

கொரியாவில் ‘சாசாங்’ என்றொரு மருத்துவ முறை உண்டு. லீ ஜெ-மா என்ற மருத்துவர் 1894-இல் எழுதி வைத்தது. நோயைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளின் உடல்வாகைப் பார் என்பதுதான் அதன் அடிப்படை. தேயாங், சோயாங், தேஉம், சோஉம் என நான்கு வகை.

குளிர் தாங்காதவர்களைப் பெரும்பாலும் சோஉம் என்பார்கள். இவர்களுக்குச் செரிமானம் பிறவியிலேயே மந்தம் என்பது கணக்கு. சிம்மில் எரியும் அடுப்பு மாதிரி; பெரிய பானையை ஏற்றினால் சோறும் வேகாது, அறையும் சூடாகாது. அதனால்தான் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு திம்மென்று இருக்கும், விரல் நுனி சில்லிடும். இஞ்சி, லவங்கப்பட்டை, ஜின்செங் சேர்த்துச் சூடாகச் சாப்பிடச் சொல்வார்கள்.

தேஉம் கதை வேறு. அந்த உடல் சேர்த்து வைக்கும், எளிதில் செலவழிக்காது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் இவர்களிடம் அதிகம் என்று கொரிய ஆய்வுகள் காட்டுகின்றன. வியர்வையையே பாருங்கள்: தேஉமுக்கு நன்றாக வியர்த்தால் நல்ல அறிகுறி, சோஉமுக்கு அளவு மீறி வியர்த்தால் கவலை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

‘நான் சோஉம், அதான் குளிர்கிறது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தசோகையிலும் தைராய்டு குறைவிலும் இதே குளிர் வரும், அதை ரத்தப் பரிசோதனைதான் காட்டும்.