ஃபிரிட்ஜுக்குள் நொதிக்கும் பீர்: வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு வெப்பநிலைதான் உயிர் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன ஃபிரிட்ஜைப் பற்றித்தான் கேட்கின்றன. அதனால் இந்த முறை முழுக்க அதுவே. ஆனால் ஒன்று: வீட்டில் பீர் காய்ச்சலாமா, எவ்வளவு வரை காய்ச்சலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: ஒற்றைக் கதவு சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. உள்ளே இருக்கும் குமிழைக் குறைந்த குளிர்ச்சிக்குத் திருப்பி வைத்தால் போதாதா? தனியாக வெப்பநிலைக் கன்ட்ரோலர் (ஃபிரிட்ஜை வெளியிலிருந்து ஓட்டி நிறுத்தும் கருவி) வேண்டுமா?

வேண்டும். அந்தக் குமிழை எவ்வளவு தளர்த்தி வைத்தாலும் உள்ளே 7, 8 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். உணவு கெடாமல் இருக்கச் செய்த பெட்டி அது. உங்கள் ஈஸ்ட் (சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர்) கேட்பது வேறு. இளஞ்சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீரின் ஈஸ்ட்டுக்குப் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி வரை, குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகை ஈஸ்ட்டுக்கு 9 முதல் 13 வரை. 7 டிகிரியில் ஏல் ஈஸ்ட்டைப் போட்டால் அது அடியில் படுத்துத் தூங்கிவிடும்.

குளிர்ச்சி இல்லாமல் பீர் படும் பாடு புதிய விஷயம் இல்லை. பவேரியாவில் 1553இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சவே தடை போட்டார்கள், செப்டம்பர் 29இலிருந்து ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. வெயில் காலத்துப் பீர் அடிக்கடி கெட்டுப்போனதுதான் காரணம். 1870களில் கார்ல் வான் லிண்டே தன் குளிர்பதன இயந்திரத்தை முதலில் சோதித்துப் பார்த்ததும் மியூனிக்கில் ஒரு பீர் ஆலையில்தான். ஆக, ஃபிரிட்ஜுக்கும் பீருக்கும் உள்ள உறவு நாம் கண்டுபிடித்தது இல்லை.

சரி, கன்ட்ரோலருக்கு வருவோம். குளிர்ச்சிக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என்று இரண்டு சாக்கெட் உள்ள வகையை வாங்குங்கள். இன்க்பேர்ட் ஐடிசி-308 இந்த வகை, ஃபிரிட்ஜின் பிளக்கை அதில் செருகினால் வேலை முடிந்தது. எஸ்டிசி-1000 என்ற சின்னப் பலகை வகையும் உண்டு, ஆனால் அதற்கு நீங்களே பெட்டி செய்து வயரிங் போட வேண்டும், கை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள், எர்த் இணைப்பு இல்லாமல் ஓட்டவே கூடாது, ஏனென்றால் ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கப் போகின்றன. ஃபிரிட்ஜின் குமிழை அதிகபட்சக் குளிர்ச்சியில் வைத்துவிடுங்கள், இனி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை வெளியிலிருக்கும் கன்ட்ரோலர் முடிவு செய்யும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். தானாகவே ஓட ஆரம்பித்தால் நல்லது. பட்டனை அமுக்கினால்தான் உயிர் வரும் என்ற டிஜிட்டல் வகை நமக்குப் பயன்படாது. குமிழ் வைத்த பழைய மாடல்தான் இந்த வேலைக்கு ராஜா.

கேள்வி: கன்ட்ரோலரின் வெப்பநிலை அளக்கும் சென்சாரை ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். கன்ட்ரோலர் எப்போதும் 19 டிகிரி காட்டுகிறது. ஆனாலும் பீரில் நெயில் பாலிஷ் ரிமூவர் போல வாடை, விழுங்கினால் தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம். எங்கே தப்பு?

உங்கள் கன்ட்ரோலர் சரியாகத்தான் வேலை செய்கிறது. அது அளப்பது காற்றை. காற்று 19 டிகிரி, பீர் 19 டிகிரி இல்லை.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது சூடு வெளியே வரும். முதல் இரண்டு மூன்று நாள் வேகத்தில் பாத்திரத்துக்குள் இருக்கும் பீர் சுற்றியுள்ள காற்றைவிட 3, 4 டிகிரி, சில சமயம் 5 டிகிரிகூட அதிகமாக இருக்கும். நான் ஒரு முறை இரண்டு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். இரண்டாவது நாள் ராத்திரி காற்றில் 18, பாத்திரத்தின் உடம்பில் 22. மறுநாள் காலையில் தொட்டால் கைக்கே இளஞ்சூடு தெரிந்தது, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பான்) குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. அப்படியானால் உங்கள் 19 டிகிரிக்குள் உட்கார்ந்திருந்த பீர் 23இல் நொதித்திருக்கலாம். சூடு ஏறினால் ஈஸ்ட் எஸ்டர்கள் என்ற வாசனைப் பொருள்களை அள்ளிக் கொட்டும், ஃபியூசல் ஆல்கஹால் என்ற கனமான ஆல்கஹால்களும் கூடும். நெயில் பாலிஷ் வாடை எத்தில் அசிடேட் என்ற எஸ்டருடையது, தொண்டையில் சுடுவது ஃபியூசல்களால். இது ஒரு முறை பீருக்குள் வந்துவிட்டால் பிறகு குளிர வைத்து எடுத்துவிட முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் உலோக முனையைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில், திரவ மட்டத்துக்கு நன்றாகக் கீழே, ஏறக்குறைய நடு உயரத்தில் வையுங்கள். அதன் மேல் ஸ்பாஞ்சைக் கவிழ்த்து, பாத்திரத்தைச் சுற்றி ஒரு பட்டையால் இறுக்கக் கட்டுங்கள். முனை ஒரு பக்கம் பாத்திரத்தைத் தொட வேண்டும், மறுபக்கம் காற்றுப் படக் கூடாது. இப்போது கன்ட்ரோலர் காட்டும் எண் பீரின் எண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலும் பரவாயில்லை.

மூடி வழியாகக் குழாய் இறக்கி அதற்குள் சென்சாரை வைக்கும் தெர்மோவெல் முறையும் உண்டு. அது பீரின் நடு வெப்பநிலையைச் சொல்லும், ஆனால் நடுப்பகுதி மெதுவாகத்தான் குளிரும். நடுவில் 19க்கு வந்து ஃபிரிட்ஜ் நிற்கும்போது வெளிச் சுவரில் ஏற்கனவே 16 ஆகியிருக்கும், உள்ளே இருக்கும் குளிர்த் தகடும் உடனே சூடாகிவிடாது, அதனால் வெப்பநிலை குறி தாண்டி இறங்கிவிடும். சின்ன ஃபிரிட்ஜுக்குச் சுவரில் கட்டும் முறையே போதும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் போடும் நேரத்திலேயே வொர்ட் (இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு) 17, 18 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும். 26இல் ஈஸ்ட்டைப் போட்டுவிட்டு ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும் என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். 20 லிட்டரைக் குளிர வைக்கச் சின்னக் கம்ப்ரசருக்குப் பல மணி நேரம் ஆகும், ஈஸ்ட் அதற்குள் தன் வேலையைத் தொடங்கிவிடும். முதல் மூன்று நாள் 18இல் பிடித்து வையுங்கள், அப்புறம் வேகம் குறையும்போது 20, 21 வரை ஏறவிடுங்கள். முடிவில் அந்தச் சூடு ஈஸ்ட்டுக்கு உதவும், வெண்ணெய் வாடை தரும் டை அசிட்டைலை அது திரும்பத் தின்றுவிடும். லாகர் போடுபவர்கள் இதற்காகவே கடைசி இரண்டு மூன்று நாள் 16, 18 டிகிரிக்கு ஏற்றுவார்கள்.

பாத்திரத்தை நகர்த்தும்போது சென்சார் கழன்று விழுந்துவிடாமல் பாருங்கள். அது கதவுக்கு வெளியே வந்து கிடந்தால் வெளிக்காற்றை அளந்துகொண்டு ஃபிரிட்ஜை ராப்பகலாக ஓட்டும், உள்ளே பீர் உறைகிற நிலைக்குப் போகும்.

கேள்வி: என் பாத்திரம் உள்ளே போகவில்லை, மேலே இருக்கும் ஃப்ரீசர் தகடு தடுக்கிறது. அதை வளைக்கலாமா? வயர் விடப் பக்கச் சுவரில் ஓட்டை போடலாமா?

வளைக்காதீர்கள். அந்த அலுமினியத் தகட்டுக்குள்தான் குளிர்பதன வாயு ஓடுகிறது. மெதுவாக மடக்கிப் பின்சுவரோடு சாய்த்தவர்கள் இருக்கிறார்கள், மடங்கும் இடத்தில் குழாய் நெரிந்து ஃபிரிட்ஜையே இழந்தவர்களும் இருக்கிறார்கள். பாத்திரத்தை மாற்றுவது அதைவிட எளிது. 10 லிட்டர் காய்ச்சினால் என்ன குறைந்துவிடும்? முதலில் உங்கள் பாத்திரத்தின் அகலம், ஏர்லாக்கோடு சேர்த்த உயரம் இரண்டுக்கும் அட்டையை வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். பின்பக்கம் கீழே கம்ப்ரசருக்காக ஒரு படி போல மேடு இருக்கும், பலர் அளக்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள். அந்த மேட்டின் உயரத்துக்கு முன்னால் ஒரு மரப் பலகை மேடை செய்து வைத்தால் பாத்திரம் சமமாக உட்காரும். கண்ணாடித் தட்டின் மேல் மட்டும் வைக்காதீர்கள், 20 லிட்டர் என்றால் 20 கிலோவுக்கு மேல் எடை.

ஓட்டை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் ஃபிரிட்ஜில் பின்பக்கம் கம்பி வலை எதுவும் தெரியவில்லை, அதனால் பக்கச் சுவர் வெறும் தகரம்தான் என்று நினைத்து டிரில் வைத்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் வலை இல்லாத ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவருக்குள்ளேயே போகும். இப்போது வரும் சின்ன ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. அப்படி ஏதாவது கசிந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால் கதவில் போடுங்கள், குளிர்பதனக் குழாய் கதவுக்குள் பொதுவாகப் போகாது (கதவில் விளக்கோ டிஸ்பிளேயோ இருந்தால் அதன் வயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்). பக்கச் சுவர்தான் வேண்டும் என்பவர்கள் சோள மாவை ஆல்கஹாலில் கரைத்துச் சுவரில் பூசி ஃபிரிட்ஜை ஓட விடுவார்கள், சூடான குழாய் போகும் இடம் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் சென்சார் வயரும் மெல்லிய ஹீட்டர் வயரும் கதவு ரப்பருக்கு அடியிலேயே போய்விடும். எனக்கு இப்போது ஓட்டையே கிடையாது.

கேள்வி: கம்ப்ரசர் இல்லாத, சத்தமில்லாத மினி ஃபிரிட்ஜ் போதுமா?

அது பெல்டியர் வகை, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகட்டால் ஓடுவது. வெளியே இருக்கும் வெப்பத்தைவிட இவ்வளவு டிகிரி குறைவு என்றுதான் அதனால் போக முடியும், சக்தியும் குறைவு. ஏலுக்குச் சின்னப் பாத்திரம் வைத்து ஓட்டலாம். லாகருக்கு வேண்டாம்.

கேள்வி: கன்ட்ரோலர் நிமிடத்துக்கு ஒரு தரம் க்ளிக் க்ளிக் என்கிறது. கம்ப்ரசர் கெட்டுவிடுமா?

கெட்டுவிடும். கம்ப்ரசர் நின்றவுடன் குழாய்க்குள் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும், அது சமமாகச் சில நிமிடம் வேண்டும், அதற்குள் மறுபடி கிளப்பினால் மோட்டார் திணறிச் சூடாகும். கன்ட்ரோலரில் கம்ப்ரசர் தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை 5 நிமிடத்துக்கு வையுங்கள், நான் 10 வைத்திருக்கிறேன். வித்தியாச அளவை (வெப்பநிலை குறியிலிருந்து எவ்வளவு விலகினால் ஓட வேண்டும் என்பதை) 0.5 அல்லது 1 டிகிரிக்கு மாற்றுங்கள். சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டிருந்தால் இந்த க்ளிக் அதனால்தான் வருகிறது, மேலே சொன்ன ஸ்பாஞ்ச் வைத்தியமே இதற்கும் மருந்து. காற்று நொடியில் மாறும், 20 லிட்டர் பீர் மாறாது.

கேள்வி: குளிர்காலத்தில் வெளியே 8 டிகிரிக்குப் போகிறது. உள்ளே ஒரு குண்டு பல்பைப் போட்டால் சூடு கிடைக்குமா?

சூடு கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்கும், அதுதான் வேண்டாம். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள்கள் வெளிச்சத்தில் உடைந்து ஒரு கெட்ட கந்தக நாற்றத்தைத் தரும், கண்ணாடிப் பாத்திரம் என்றால் இன்னும் மோசம். ஃபிரிட்ஜுக்குள் இருட்டாக இருப்பதே பீருக்கு ஒரு வரம், அதைக் கெடுக்காதீர்கள். பாத்திரத்தில் சுற்றும் ஹீட் பெல்ட் 25, 30 வாட்டில் கிடைக்கும், மூடிய சின்னப் பெட்டிக்கு அது தாராளம். கன்ட்ரோலரின் சூட்டு சாக்கெட்டில் செருகுங்கள். பெல்ட்டைச் சென்சாரின் மேலேயோ மிக அருகிலோ சுற்றாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதத்தில் கதவு ரப்பரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. என்ன செய்ய?

18 டிகிரியில் கம்ப்ரசர் எப்போதாவதுதான் ஓடும், அதனால் உள்ளே ஈரம் காயாமல் தங்கும். ரப்பரின் மடிப்புகளைப் பிரித்து, நீர்த்த பிளீச்சால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அதன் பிறகு கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சி டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள், தண்ணீர் சேர்ந்தவுடன் மாற்றுங்கள். பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் குளிரும் சமமாகப் பரவும். பீர் இல்லாத நாட்களில் கதவை மூடாமல் ஒரு துணியைச் சொருகித் திறந்தே வையுங்கள், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மட்டும் கதவைக் கழற்றியோ பூட்டியோ வைக்க வேண்டும்.

கேள்வி: நொதித்து முடிந்ததும் 2 டிகிரிக்கு இறக்கினேன். காலையில் ஏர்லாக் காலி, அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது?

பீருக்குள். குளிரும்போது மேலே இருக்கும் வாயு சுருங்கி வெளியிலிருப்பதை உறிஞ்சும், மூன்று துண்டு ஏர்லாக்கில் அந்தத் தண்ணீர் அப்படியே உள்ளே போய்விடும். ஏர்லாக்கில் கிருமிநீக்கிய தண்ணீரோ வோட்காவோ இருந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எஸ் வடிவ ஏர்லாக்கில் தண்ணீர் போகாது, ஆனால் காற்று போகும், அது பீரைப் பழசாக்கும். அதனால் இறக்குவதற்கு முன்பே ஏர்லாக்குக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு நிரம்பிய ஒரு பலூனை மாட்டிவிடுவது நல்லது, நொதிக்கும்போது பாத்திரத்திலிருந்து வரும் வாயுவையே அதில் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாயுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பீர் 20 லிட்டர் நொதித்து முடிவதற்குள் ஏறக்குறைய 400 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். கதவு ரப்பர் வழியாக அது கசிந்துகொண்டேதான் இருக்கும், ஆனாலும் வேகமாக நொதிக்கும் நாளில் கதவைத் திறந்தவுடன் தலையை உள்ளே விட்டு முகர்ந்தால் மூக்கு சுள்ளென்று எரியும். கதவைத் திறந்து ஒரு நிமிடம் விட்டுவிட்டுக் குனியுங்கள், சின்ன அறையாக இருந்தால் சன்னலையும் திறந்து வையுங்கள்.