மான்செஸ்டரில் 64 வாங்கினால் ஜிபிஏ சரியுமா?

அமெரிக்கக் கல்லூரியிலிருந்து மான்செஸ்டருக்குப் படிக்க வந்த நீங்கள், முதல் கட்டுரைக்கு 64 வாங்கியதால் ஜிபிஏ (அமெரிக்கக் கல்லூரிகளில் கணக்கிடும் சராசரி கிரேடு புள்ளி) சரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த 64 நல்ல மதிப்பெண்தான். அமெரிக்காவின் ‘டி’ என்ற மோசமான கிரேடு அல்ல. இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்குப் பொதுவாக 40 எடுத்தால் தேர்ச்சி, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 70உம் அதற்கு மேலும் முதல் வகுப்பு. 80ஐத் தாண்டுவதே அபூர்வம், 95ஐ மறந்துவிடுங்கள்.

70 வராததற்குக் காரணம், படித்ததைச் சுருக்கிச் சொன்னதாக இருக்கலாம். இங்கே வாசிப்புப் பட்டியலில் உள்ளவர்களோடு வாதாட வேண்டும். திருத்தியவரின் குறிப்பில் ‘விவரிப்பு அதிகம்’ என்ற தொனி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் நேரில் போய்க் கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள்.

உங்கள் அமெரிக்கக் கல்லூரியிடம் மதிப்பெண் மாற்று அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில கல்லூரிகள் பாடத்தை முடித்ததற்கான கிரெடிட்டை மட்டும் ஏற்று, மதிப்பெண்ணை ஜிபிஏவில் சேர்ப்பதே இல்லை.