பிள்ளைகளுக்குத் தடிமன், ஒவ்வாமை மருந்து கொடுத்தல்: மருந்தாளரின் பதில்கள்

மலையகப் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு ஹட்டன் பகுதியில் பணியாற்றும் மருந்தாளர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: இரண்டு வயது மகனுக்குத் தடிமன். வீட்டில் பெரியவர்களின் பிரிட்டன் (Piriton) குளிசை இருக்கிறது. அதில் காற்பங்கைப் பொடித்துக் கொடுக்கலாமா ஐயா?

வேண்டாம், அம்மா. குளிசையைக் கையால் நான்காக உடைத்தால் துண்டுகள் சமமாக அமைவதில்லை. அதைவிட முக்கியமாக, பிரிட்டன் ஒவ்வாமைக்கான மருந்து. வைரசால் வரும் தடிமனை அது மாற்றாது. மருந்து குடித்த பிள்ளை உறங்குவதைக் கண்டு சுகமாகிறது என்று நாம் ஆறுதல் அடைகிறோம், ஆனால் அது மருந்து தரும் மயக்கமே; சிறு பிள்ளைகளில் அம்மயக்கம் மூச்சையும் மந்தமாக்கக்கூடும். பிரித்தானியாவில் 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இத்தகைய தடிமன் மருந்துகளைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்று 2009 முதல் அறிவுறுத்தப்படுகிறது. உப்புநீர்த் துளிகளால் மூக்கைச் சுத்தம் செய்து, அடிக்கடி நீராகாரம் கொடுங்கள். லயன் அறையில் விறகடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளையைப் புகையிலிருந்து விலக்கி வைப்பது எந்தப் பாணிமருந்தையும்விட இருமலுக்கு நல்லது.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தந்தை: காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் பாணி ஒரு தேக்கரண்டி கொடுக்கிறோம். அது சரியான அளவா?

போத்தலைப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் கொண்ட பாணியும் 250 மில்லிகிராம் கொண்ட பாணியும் கிடைக்கின்றன. ஒரே கரண்டியால் அளந்தாலும் இரண்டாவது பாணியில் மருந்து ஏறத்தாழ இருமடங்காகிவிடும். ஒரு வேளைக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இரண்டு வேளைகளுக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கொடுக்கக்கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து தேடாமல் வைத்தியரிடம் செல்லுங்கள். கிளினிக்கில் கடைசியாக எழுதிய நிறையைக் கையோடு கொண்டு சென்று, அளவை மில்லிலீற்றரில் எழுதித் தரும்படி கேளுங்கள். லேபல் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தமிழில் எழுதித் தரும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. சமையலறைக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பதே நம்பகமானது. சில தடிமன் பாணிகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

நோர்வூட்டிலிருந்து ஒரு பாட்டி: பேரப்பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாமா?

ஒரு வயது நிறைந்திருந்தால் இருமலுக்குக் கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு துளியும் நாவில் தடவக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தாய்: ஐந்து வயது மகளுக்கு உடம்பெங்கும் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. அப்போதும் பிரிட்டன் கூடாதா?

அப்போது அது பொருத்தமான மருந்தே, ஆனால் அவளுக்கென்று வைத்தியர் குறித்த அளவில் மட்டும் கொடுங்கள். செற்றிரிசின் என்ற மற்றோர் ஒவ்வாமை மருந்து குறைவான உறக்கத்தையே தரும். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், பிள்ளை துவண்டால் பாணி ஊற்றிக் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தந்தை: பாடசாலை விடுமுறையில் கொழும்புக்குச் சென்று வந்த மகனுக்குக் கடும் காய்ச்சல். இபுபுரோபன் கொடுக்கலாமா?

டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இபுபுரோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். அவை இரத்தக் கசிவை மோசமாக்கும். அஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கத் தகாதது. பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தலவாக்கலையிலிருந்து மற்றொரு தாய்: தவறுதலாகக் கூடுதல் மருந்து கொடுத்துவிட்டால்?

வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பரசிட்டமோல் மிகுந்தால் முதல் நாளில் பிள்ளை விளையாடிக்கொண்டே இருக்கலாம், ஈரல் பாதிப்பு பின்னரே வெளிப்படும்; அதற்கான மாற்று மருந்து விரைவாகக் கொடுக்கும்போதே நன்றாக வேலை செய்கிறது. ஆகவே அறிகுறிக்காகக் காத்திராமல், போத்தலையும் கொடுத்த நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.