காற்றை முந்தும் பலகை

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் வின்ட்சர்ஃபிங் (பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று நீரில் விரையும்) போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பலகை நீரைத் தொடாமலேயே, வீசும் காற்றைவிட வேகமாகச் செல்கிறது என்றார் வர்ணனையாளர். தன்னைத் தள்ளும் காற்றையே பலகை முந்துவது எப்படி?

பதில்: ‘தள்ளும்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. காற்று நேர் பின்னாலிருந்து தள்ளினால் பலகையால் அதை முந்தவே முடியாது. காற்றுக்குக் குறுக்கே ஓடும்போதோ, பாய் விமானத்தின் இறக்கையைப் போலக் காற்றின் போக்கைத் திருப்பி, அதிலிருந்து விசையைப் பெறுகிறது.

காற்றசைவே இல்லாத நாளிலும் சைக்கிளில் விரைபவரின் முகத்தில் எதிர்காற்று படுகிறதல்லவா? அதேபோல, 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) காற்றுக்குச் செங்குத்தாக 15 நாட் வேகத்தில் பலகை ஓடினால், பாயின் மீது படுவது ஏறத்தாழ 18 நாட் காற்று. அது பலகையின் மூக்கிலிருந்து 34 பாகை மட்டுமே விலகிய திசையிலிருந்து வருகிறது. வேகம் கூடக்கூட இக்காற்று மேலும் முன்பக்கம் நகர்வதால், பாயின் விசையில் பெரும்பகுதி பக்கவாட்டுக்குப் போய், முன்னோக்கிய பங்கு குறைந்துகொண்டே வரும். அந்தச் சிறு பங்கை நீரின் தடையும் காற்றின் தடையும் எப்போது தின்று தீர்க்கின்றனவோ, அதுவே வேகத்தின் எல்லை. ஆகவே பலகை வடிவமைப்பு என்பது, என் பார்வையில், பெரும்பாலும் தடையைக் குறைக்கும் கலைதான்.

அந்தக் கலையின் அழகிய விடைதான் நீங்கள் பார்த்த ‘ஃபாயில்’ என்னும் நீரடிச் சிறகு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதால் சிறிய சிறகே போதும். பாரிஸில் நடந்த ஆண்களுக்கான ஐக்யூஃபாயில் என்னும் வின்ட்சர்ஃபிங் பிரிவில் பாயின் பரப்பு 9 சதுர மீட்டர். முன்சிறகின் பரப்போ 900 சதுர சென்டிமீட்டர், அதாவது நூற்றில் ஒரு பங்கு. வேகம் இருமடங்கானால் சிறகின் ஏற்றுவிசை நான்கு மடங்காகும் என்பதால், வேகம் பிடித்த பலகை முழுவதுமாக மேலெழுந்து, அலையை உழுவதில் வீணாகும் ஆற்றலை மிச்சப்படுத்துகிறது.

அடுத்த முறை வீரரின் பாயைக் கவனியுங்கள். அதைப் பின்னோக்கிச் சாய்த்து, அடிவிளிம்பைப் பலகையின் மேற்பரப்போடு ஒட்டிவிடுவார். அந்த இடைவெளி மூடப்பட்டால், பாயின் அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து காற்று கீழ்வழியாகக் கசிவது குறைந்து, தடையும் குறைகிறது. அதே வேளையில் பலகையையும் காற்று வரும் பக்கமாகச் சற்றே சரிப்பார். அப்போது நீரடிச் சிறகின் ஏற்றுவிசையில் ஒரு பகுதி, பாயின் பக்கவாட்டு விசையைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் பலகை அளவுக்கு மீறி எழுந்து சிறகு நீர்மட்டத்தைக் கிழித்தால், மேலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு, ஏற்றுவிசை நொடியில் அறுந்து, பலகையின் மூக்கு நீரில் குத்திவிடும்.